பெருநாளிலும் போகாத நாற்றம்

மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே என் மகள் ரூத் மூச்சுக்குப் போராடினாள். ஆறு வயது. சபையில் மற்றப் பிள்ளைகளோடு பாட நிற்பாள். ஒரு வரி முடிவதற்குள் நெஞ்சு இழுக்கும், உட்கார்ந்துவிடுவாள். பார்க்கவே பயமாக இருக்கும்.

நானும் என் கணவரும் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். ஒற்றை அறை வாடகை வீடு. பின்பக்கம் தோல் பதனிடும் ஷாப். அந்த நாற்றம்தான் பிள்ளையை வாட்டுகிறது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

தரை எப்போதும் ஜில்லென்றிருக்கும். பிள்ளைக்கு ஆகாதென்று என் கணவர் கம்பெனியில் கழித்த தோல் துண்டுகளை வாங்கிவந்து, பசை தடவி, தரை முழுக்க ஒட்டினார். ஜமுக்காளம் விரித்த மாதிரி அழகாக இருந்தது. "வீட்ல ஈரம் இருக்குதா?" என்று டாக்டர் கேட்டபோது, "இன்னா சார், தோல் போட்ட தரை சார் எங்க வீடு" என்று மார்தட்டிக்கொண்டார். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேவலை, மறுபடி இழுப்பு.

ஆண்டவரே, இந்த ஷாப்பை இங்கிருந்து எடுத்துப்போடும். இதைத்தான் தினமும் கேட்டேன். கேட்டுக் கேட்டுச் சலித்தேன்.

ரம்ஜான் பெருநாளுக்கு ஷாப்பை மூடினார்கள். தெருவில் காற்று சுத்தமாக இருந்தது. அன்றைக்கும் ரூத்துக்கு இழுத்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆண்டவர்மேல்தான். தரையில் முகங்குப்புற விழுந்து அழுதேன். மூக்கில் அதே நாற்றம் ஏறியது. மூடிக் கிடக்கிற ஷாப்பிலிருந்து எப்படி வரும்?

தோலின் ஓரத்தைப் பிய்த்தேன். அடியில் தரை நனைந்து, பச்சையும் கறுப்புமாகப் பூசணம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா பெருநாள் பாயசத்தோடு வந்தார். "இன்னா மேரி இது, இதும்மேலயா புள்ளைய படுக்க வெச்சீங்க?" என்றவர், பின்சுவரைப் பார்த்தார். "ஷாப் நாத்தம் வருதுன்னு அங்க இருந்த ஜன்னல நாங்கதாம்மா அடச்சோம். காத்தே இல்லாம பண்ணிட்டோம்."

அந்த வாரமே ஆள் வைத்து ஜன்னலைத் திறந்தார். சுவருக்குள் கசிந்துகொண்டிருந்த குழாயையும் மாற்றினார். என் கணவர் தன் கையாலேயே தோலையெல்லாம் பிய்த்தெடுத்தார்.

ஷாப் அங்கேயேதான் இருக்கிறது. ஜன்னல் வழியாக நாற்றம் முன்னைவிட ஜாஸ்தி. ஆனால் ரூத்துக்கு இழுப்பு கம்மியாகி, இப்போது வருவதேயில்லை. டாக்டரே மருந்தைக் குறைத்துவிட்டார். போன ஞாயிறு அவள் நின்றபடியே முழுப் பாட்டையும் பாடினாள். நான் அவளோடு சேர்ந்து பாடவில்லை, அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

கேட்டது கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கிறவர்களே, விட்டுவிடாதீர்கள். கோபமாக இருந்தாலும் அவர் முன்னால் போய் விழுங்கள். நான் விழுந்த இடத்தில்தான் அவர் எனக்குக் காட்டினார்.