முன்தட்டில் எந்தச் செய்தி?

பேப்பர் விற்கிறவனுக்கு உலகம் முழுக்கத் தெரியும் என்று நினைக்காதீர்கள். எது விற்கும், எது மிஞ்சும், அவ்வளவுதான் தெரியும். கடையில் நின்று நின்று கால் வீங்கின ஆக்களுக்கு இது விளங்கும்.

நான் நின்றது டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்துப் பேப்பர்க் கடை. மனுசி ராசமணியும் மகளும் யாழ்ப்பாணத்தில், ஷெல்லடிக்குள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். என்னுடையது மட்டுமில்லை, எங்கட சனத்தின் விண்ணப்பங்கள் கோப்பன்ஹேகனில் பதிலில்லாமல் கிடந்த காலம் அது.

கசங்கின பேப்பர்

கடை முதலாளி பிர்கித், என்னைவிட மூத்தவ. டென்மார்க்கில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, "அம்மா" என்றே கூப்பிட்டேன். அவவும் பழகிவிட்டா. அமெரிக்கச் செய்திதான் முன்தட்டில் என்பது அவவின் சட்டம். அங்கே சனம் காருக்குள் இருந்தே சாப்பிடுதாம், சாமத்திலும் கடை திறந்திருக்குதாம், அடுப்பு மூட்டாமல் ஒரு பெட்டிக்குள் வைத்தே சோறு கறி சூடாக்குதாம். டேனிஷ்காரர் வாய் பிளந்து வாசிப்பார்கள்.

டேனிஷ் எழுத்தில் எனக்கு ஒரு சொல்தான் பிடிபட்டிருந்தது: 'தமிழர்'. விடிய ஒவ்வொரு பேப்பராய் விரித்து அந்தச் சொல் எங்காவது நிற்குதா என்று தேடுவேன். திருப்பி மடிக்கத்தான் ஒருநாளும் ஒழுங்காய் வராது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் பொல், தன் பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு முதலே இதைப் படிச்ச கனவான் ஆர்? அவர் பாதிக் காசு தருவாரோ?"

நடந்து குடிக்கிற கோப்பி

அமெரிக்கப் பழக்கம் என்று பிர்கித் கடதாசிக் கப்பில் கோப்பி விற்கத் தொடங்கினா. வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும், நடந்துகொண்டே குடிக்க வேண்டும். ஒரு ஆளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு இருக்கச் சொல்லாமல் அனுப்புவதா? மனம் கேட்கவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டேன். லோனெ என்ற ஆசிரியை ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "இருந்து குடியுங்கோ, பிள்ளை" என்று, அவள் கதிரையில் உட்காரும்வரை நான் கப்பை விடவில்லை. அவள் இருந்தாள். அவளுடைய ரயில் போய்விட்டது.

அடுத்த ரயில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று ஒரு பேப்பரை நீட்டி, என் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். சின்னச் சின்னச் சொல்லாய் விளங்கப்படுத்தினாள். சட்டப்படி வரவேண்டிய எங்கட குடும்பங்களை அரசாங்கம் மறித்து வைத்திருக்குதாம், பாராளுமன்றத்தில் கேள்வி எழும்பியிருக்குதாம். நாளைக்கும் வாசிப்பியளோ என்று கேட்டேன். மணிக்கூட்டைப் பார்த்தாள். "ஓம், ஆனா ஒரு ரயிலுக்கு முதலே வாறன், இல்லாட்டி எனக்கு வேலை போயிடும்."

தட்டில் சண்டை

ஒரு விடியற்காலை பேப்பர்க் கட்டை அவிழ்த்தால், எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்திலேயே அந்தச் சொல், உள்ளங்கை அளவு எழுத்தில்: குடும்பங்களை மறித்த கதை அம்பலமாகியிருந்தது. அதே கிழமைதான் அமெரிக்க நடிகை ஒருத்தியின் கலியாணமும். பிர்கித் கலியாணப் படம் போட்ட சஞ்சிகையை முன்தட்டில் அடுக்கினா. நான் எடுத்துக் கீழே வைத்தேன். அவ திரும்ப வைத்தா. நான் திரும்ப எடுத்தேன்.

"அம்மா, இண்டைக்கு இதுதான் முன்னுக்கு. பிடிக்காட்டி என்னை நிப்பாட்டுங்கோ" என்றேன். வேலை போனால் வருகிற குடும்பத்துக்குச் சோற்றுக்கு என்ன செய்வேன்? ஆனாலும் தட்டை விட்டு விலகவில்லை. பிர்கித் பேப்பரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நிப்பாட்டிப்போட்டு, இந்தக் குளிருக்குள்ள விடிய வந்து நானோ கதவு திறக்கிறது?"

வந்து இறங்கின நாள்

கடைசியில் அனுமதி வந்தது. ராசமணியும் மகளும் அதே நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பிர்கித் கடையைப் பூட்டிவிட்டு வந்தா, பொல் பெட்டிகளைத் தூக்கினார். நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போது தவழ்ந்த பிள்ளை, முன்பல் விழுந்து நிற்கிறாள்.

ராசமணி என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னப்பா, எலும்பா நிக்கிறியள்" என்றா. பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் தாயின் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இந்த மாமா ஏன் அழுறார்?"

நான் மாமா இல்லை, அப்பா என்ற செய்தி அவளிடம் போய்ச் சேர இன்னொரு குளிர்காலம் எடுத்தது. பேப்பர்காரன், நானும் விடவில்லை.