சிவப்புப் புள்ளி வைத்த ஜோடி

பிலிப்பைன்ஸின் மரிகினாவில் டெல்ஃபின் வைத்திருந்தது மின்விசிறி ரிப்பேர் கடை. ஆனால் ஊர் அவனைப் பெட்டிக்காரன் என்றுதான் கூப்பிட்டது. சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் சிகரெட் செய்து கொடுப்பான். கடைகளில் விற்கிற ஒல்லிக்குச்சிகளைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். அவன் செய்வது கைக்குள் அடங்கும் மரப்பெட்டி. உள்ளே இரண்டு பேட்டரி, கட்டைவிரல் அளவு ஒரு சர்க்யூட். வெளியே ஒரு குமிழ். திருகினால் மூன்று வோல்ட்டிலிருந்து ஆறு வரை ஏறும், புகையும் அதற்கேற்பத் தடிக்கும். குழம்பில் உப்பில்லை என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்துவிடும் மனிதனுக்கு, கால் வோல்ட் கூடக்குறைய இருந்தால் சோறு இறங்காது.

பேட்டரிகள் பழைய லேப்டாப்களிலிருந்து உருவியவை. ஒரே வயதும் ஒரே பலமும் உள்ள இரண்டைத் தேடிப்பிடித்து, மனைவி லிகாயாவின் நகப்பாலிஷால் ஒரே நிறத்தில் புள்ளி வைப்பான். பெட்டி செய்கிறவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் கல்யாணம். கட்டிவைத்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒன்று இளைத்ததாக இருந்தால் முதலில் காலியாகிவிடும். பலமுள்ளது விடாமல் அதையும் சேர்த்து இழுக்க, இளைத்தது கொதித்துத் தீயைக் கக்கும். பெட்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் பாதிரியாரைப் போல இதையும், வெயிலில் வைக்கக் கூடாது என்பதையும் ஓதி அனுப்புவான்.

அவன் செய்த முதல் பெட்டி லிகாயாவின் அண்ணன் ஓன்சிங்குக்குப் போனது. கூபாவோ வழித்தடத்தில் ஆளேற்றும் நீள ஜீப்பான ஜீப்னி ஒன்றைச் சொந்தமாக ஓட்டியவர் அவர். முப்பது வருடப் புகை, ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். பெட்டி கைக்கு வந்த ஆறாவது வாரம் சிகரெட்டைத் தலைமுழுகினார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குமிழைத் திருகிக்கொண்டு, தன் வண்டியில் இப்போது இரண்டு ஆக்ஸிலரேட்டர் என்று பயணிகளிடம் பீற்றிக்கொள்வார்.

அந்த வருடம் ஊர்த் திருவிழாவுக்கு எட்டுப் பெட்டிகளுக்கு ஆர்டர் வந்து டெல்ஃபின் திணறிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஓன்சிங் வந்து, பேட்டரியில் சார்ஜ் நிற்கமாட்டேன் என்கிறது, புது ஜோடி கொடு என்றார். ஜோடி இல்லை. தட்டில் நல்லது ஒன்று கிடந்தது, எங்கிருந்தோ வந்த கிழடு ஒன்று கிடந்தது. இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று இரண்டுக்கும் சிவப்புப் புள்ளி வைத்தான். சொந்தக்காரர்தானே என்ற மெத்தனம்; வெளியாள் என்றால் வைத்திருக்கமாட்டான். அப்புறம் மறந்தே போனான்.

ஐந்தாம் நாள், ஓடுகிற வண்டியில் ஓன்சிங்கின் சட்டைப்பையில் பெட்டி தீப்பிடித்தது. உள்ளங்கையும் நெஞ்சும் வெந்தன. வண்டி தடுமாற, பயந்து குதித்த கல்லூரிப் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் ஒடிந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் டெல்ஃபின் ஆஸ்பத்திரிக்குப் போனான். வாயைத் திறப்பதற்குள் ஓன்சிங் முந்திக்கொண்டார்.

"திட்டாத மாப்ளே. வெயில்ல டாஷ்போர்டு மேல கெடந்தத அப்படியே எடுத்துப் பையில போட்டுட்டேன். நீ படிச்சுப் படிச்சு சொன்ன, எனக்குத்தான் புத்தியில்ல."

டெல்ஃபின் கொண்டுபோன ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். சொல்ல இருந்த வார்த்தையை விழுங்கிய அந்த நிமிடத்தைப் போல அவன் வாழ்க்கையில் கேவலமான நிமிடம் வேறில்லை. தீப்பிடித்தது விபத்து. இது திருட்டு.

கட்டுப் பிரித்ததும் ஓன்சிங் ஜீப்னியை விற்றார். கவனமில்லாதவன் நாலு உயிரை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்றார். லிகாயா அழுது பார்த்தாள், கேட்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மறுபடி சிகரெட் பிடிக்கத் தொடங்கினார். டெல்ஃபின் பெட்டி செய்வதை நிறுத்தினான். யாரும் கேட்டால் கண் சரியில்லை என்பான்.

மூன்று வருடம் கழித்துத் திருவிழா மதியம், அதே நாற்காலியில் ஓன்சிங், பக்கத்தில் டெல்ஃபின், மடியில் பன்றிக்கறித் தட்டு. காகிதத் தோரணம் கட்டிய ஒரு ஜீப்னி தெருவில் திரும்பியது. ஓன்சிங்கின் பழைய வண்டி. அது தெருமுனையைத் தாண்டும்வரை அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டெல்ஃபினால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கிழட்டு பேட்டரி, சிவப்புப் புள்ளி, ஆரஞ்சு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அறைவார் என்று நினைத்தான். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது.

ஓன்சிங் தழும்பேறிய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு கால் ஒடிஞ்சது என்னால இல்லையா?"

"இல்ல மச்சான். என்னாலதான்."

"ஞாயித்துக்கிழம தவறாம சர்ச்சுல மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேனே."

 ஓன்சிங் விரித்த கையை மூடிக்கொண்டார்.

"கை வெந்தது போகட்டும் மாப்ளே. வண்டிய வெல பேச வந்தவனுக்கு, என் பக்கத்துல நின்னு காபி ஊத்திக் குடுத்தியே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."