கப்பிக்காரி வீட்டுக் காய்ச்சல்

அந்தக் கட்டடத்தில் தெருப்பக்க ஜன்னலுக்கு மேலே கயிறு ஓடும் கப்பி இருந்தது உச்சிமாடி வீட்டுக்கு மட்டும்தான். கட்டினவன் எதற்கு மாட்டினானோ, ஊரடங்கில் வாசல் கதவைப் பூட்டிய பிறகு எல்லார் வயிற்றையும் அதுதான் காப்பாற்றியது. காய்கறிக்காரர் வண்டியை நிறுத்திக் குரல் கொடுப்பார். உச்சிமாடிக்காரி கூடையை இறக்கி, நிரம்பியதும் இழுப்பாள். வழியில் ஒவ்வொரு ஜன்னலிலும் கூடை நிற்கும். அவரவர் பங்கை எடுத்துக்கொள்வார்கள். அவள் சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்து, கப்பிக்காரி ஆகிவிட்டாள்.

அவள் புருஷன் சரித்திர வாத்தியார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் சாயங்காலமானால் வாசற்படியில் நின்று மாடிப்படி வழியாகக் கீழே பார்த்துப் பாடம் எடுப்பார். அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்த ஊர்க் கப்பல்களைக் கரையேற விடாமல் நாற்பது நாள் நிறுத்தியது, காசை வினிகரில் போட்டு எடுத்தது, நோய் வந்த வீட்டை ஆட்களோடு சேர்த்துப் பூட்டியது, அந்தப் பயத்தில் ஜனங்கள் நோயாளியைப் பரணில் ஒளித்தது.

"நோய் கொன்னது பாதி. ஒளிச்சுவெச்சவன் கொன்னது மீதி!" என்று முடிப்பார்.

"ஸ்கூல்ல பிள்ளைங்க தூங்கிடுவாங்க. இங்க எங்களுக்குத் தப்பிக்க வழியில்ல," என்று தரைத்தளத்து எலக்ட்ரீஷியன் கத்துவார்.

சிரித்தாலும் சொன்னதைக் கேட்டார்கள். கூடைக்குள் ஒரு வினிகர்க் கிண்ணம் வந்தது. காசையெல்லாம் அதில் முக்கினார்கள். ஆனால் கூடையின் பிடியை அத்தனை பேரும் வெறுங்கையால் பிடித்தார்கள். காசு குளித்தது, கை குளிக்கவில்லை. அது வாத்தியாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு பெரியம்மாவும் நிறைமாத மருமகளும். மகன் வேலைக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டான். கூடை வரும்போது மருமகள்தான் ஜன்னலில் எட்டி எடுப்பாள். அந்தப் பெண்ணுக்கு வெளிக்காற்று கிடைப்பதே அப்போதுதான்.

ஒரு காலையில் வாத்தியாரின் நெற்றியைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். இரும்புச்சட்டி மாதிரி கொதித்தது. தொண்டையில் ரம்பம் அறுப்பதுபோல இருமல்.

"போன் பண்ணிச் சொல்லிடலாங்க."

"சும்மா இரு. ஜலதோஷம்."

"ஜலதோஷம் இப்படியா அனலடிக்கும்?"

"சொன்னா என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கதவை அடைச்சிடுவாங்க. தனியா கிடந்து செத்தவங்களைப் பத்தி எவ்வளவு படிச்சிருக்கேன் தெரியுமா? உனக்குத் தெரியாது." அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரு நாள் பொறு. உன் காலைப் பிடிக்கிறேன்."

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணின மனுஷன் போர்வைக்குள் சுருண்டு கிடந்து கெஞ்சினார். அவளுக்கு மனசு இளகிவிட்டது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு அன்றும் கூடையை இறக்கி இழுத்தாள். கீழ் ஜன்னலில் அந்தப் பெண்ணின் கை நீண்டது, பிடியைப் பிடித்தது. அதே கையால் அவள் ஒரு தக்காளியை எடுத்து முந்தானையில் துடைத்துக் கடித்தாள்.

"அக்கா, இன்னைக்கு நல்ல பழுத்தது!" என்று மேலே பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு கப்பிக்காரியால் வீட்டுக்குள் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இருப்பது இரண்டே அறை. ஒன்றில் இருமல், மற்றதில் அடுப்பு. நடந்தால் சுவர், திரும்பினால் சுவர். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நடப்பது? கீழே அந்தப் பெண் இருமும் சத்தம் கேட்கிறதா என்று தரையில் காதை வைத்துக்கூடப் பார்த்தாள்.

மறுநாள் காய்கறிக்காரர் குரல் கொடுத்தார். கயிற்றை எடுத்தாள். உள்ளேயிருந்து வாத்தியார் தலையைத் தூக்கினார்.

"வேணாம்டி."

"பரண்ல ஏத்தி ஒளிச்சுவெக்க நம்ம வீட்ல பரண்கூடக் கிடையாதுங்க," என்றாள். ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"கேட்டுக்குங்க எல்லாரும்! எங்க வீட்ல அவருக்குக் காய்ச்சல். நேத்தே வந்துடுச்சு. கூடையை யாரும் தொடாதீங்க. கையைச் சோப்புப் போட்டுத் தேய்ங்க!"

 ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. பெரியம்மா மட்டும் சாத்தவில்லை.

"அடிப்பாவி! நேத்து வந்ததுன்னா நேத்து ஏன் இழுத்தே? எம் மருமக அந்தக் கூடையைத் தொட்டாளே! வயித்துல பிள்ளை இருக்கறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது, பெரியம்மா. புத்தி கெட்டுப்போச்சு."

"புத்தியாம் புத்தி! அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

அவள் உள்ளே போய்ச் சுகாதாரத்துறைக்குப் போன் பண்ணினாள். 

சுகாதாரத்துறை ஆட்கள் வந்தார்கள். வாத்தியாரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, ஆஸ்பத்திரியில் இடமில்லையாம். இருவருக்கும் மாத்திரை கொடுத்து, கதவில் நாடா ஒட்டி, மூச்சுத் திணறினால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். எலக்ட்ரீஷியன் மொட்டைமாடியிலிருந்து வேறு கயிறு கட்டினார். யார் வீட்டுப் பொருள் யார் பையில் என்று ஆளுக்கொரு தனிப் பை. அவள் பையை மட்டும் வாசலில் வைத்துவிட்டு, தட்டிய கையோடு ஓடிவிடுவார்கள்.

வாத்தியார் அவளோடு பேசவில்லை. அவர் இருமினால் அவள் எழுந்தாள். இருமாவிட்டால் இன்னும் வேகமாக எழுந்தாள். நாடா ஒட்டிய கதவைப் பார்த்தபடி வெங்காயம் உரித்தாள், துணி மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். காது மட்டும் கீழ்வீட்டிலேயே கிடந்தது. அங்கே யாராவது தும்மினால் இவள் ஓடிப்போய்த் தரையில் காதை வைத்தாள்.

காய்ச்சல் இறங்கி வாத்தியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஒரு மத்தியானம், தரை இடிபட்டது. கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் குத்துகிறார்கள்.

"ஏய் மேல்வீடு! உயிரோட இருக்கியா?"

அவள் பாய்ந்துபோய்த் தரையில் மண்டியிட்டாள். "இருக்கேன் பெரியம்மா! பொண்ணு?"

"டெஸ்ட்ல ஒண்ணுமில்லையாம். மூக்குகூட ஒழுகல. உன் நல்ல நேரம், தப்பிச்சே."

"சந்தோஷம் பெரியம்மா."

"சந்தோஷப்படாதே. உம்மேல கோபம் அப்படியேதான் இருக்கு. அந்த ஆளு?"

"உக்காந்திருக்காரு."

"இருக்கட்டும். நாளைக்கும் தட்டுவேன். பதில் வரலைன்னா கதவை உடைப்பேன், சொல்லிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. தரையில் இரண்டு குத்து குத்தினாள். வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்தபடி மெல்ல எழுந்து வந்து, தானும் ஒரு குத்து குத்தினார்.