ரெயில்வே ஹோட்டலில் தீப்பிடிக்கவில்லை

மகனோடு கோபித்துக்கொண்டு நான் ஹோட்டலில் போய்த் தங்கியதாக நாங்கள் வசிக்கும் இக்காஸ்டில் கதைக்கிறார்களாம். பிழை. அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். என் கணவர் இல்லாத முதல் தைப்பொங்கல் இது. டென்மார்க்கில் நாங்கள் முதல் பொங்கல் கண்ட இடத்தைப் பார்க்க விரும்பினேன்.

ஹேர்னிங்கில் ரெயில் மாற வேண்டும். பனிக்காலத்தில் அவசரப்படாதீர்கள், அடுத்த ரெயிலுக்குத் திட்டமிடுங்கள். ஹோட்டல், போய் இறங்கும் ஊரின் நிலையத்துக்கு நேரெதிரே. காலை உணவோடு அறை 695 குரோனர். லிப்ட் இல்லை.

தண்டவாளம் போட்ட காலத்துக் கட்டடம். மாட்டு வியாபாரிகளும், பெட்டியோடு ஊர் ஊராகத் திரிந்த விற்பனையாளர்களும் தங்கினார்கள். அவர்கள் துணிகளை விரித்துக் கடைக்காரருக்குக் காட்டக் கீழே பெரிய அறை இருந்தது. கார்கள் பெருகின, விற்பனையாளர் வரவு நின்றது. காலியான அறைகளில் எண்பதுகளில் அகதிகளான எங்களை வைத்தார்கள். இவ்வளவும் கூடத்துச் சுவர்ப் பலகையில் சரியாக எழுதியிருக்கிறது. கடைசி வரி மட்டும் இப்படி: "தமிழர் ஒருவர் அறைக்குள் சமைத்ததில் தீப்பிடித்தது."

அந்தத் தமிழர் என் கணவர். அவர் சமைக்கவில்லை. பொங்கலன்று காலை யன்னலோரம் ஒரு பீங்கான் தட்டில் ஒரு துண்டு கற்பூரம் கொளுத்தினார். கூரையில் இருந்தது புகைக்கு அலறும் கருவி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் போர்வையோடு பிளாட்பாரத்தில் நின்றோம். தீயணைப்புப் படையினர் வந்து தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். திரைச்சீலைகூடக் கருகவில்லை.

இப்போதைய உரிமையாளர் ஓர் இளம்பெண். டேனிஷில் விளக்கினேன்.

"எனக்கு முன்பிருந்தவர் எழுதியது. வசந்தத்தில் புதுப் பலகை செய்கிறேன். சாட்சி இருந்தால் மாற்றலாம்."

"நான் சாட்சி."

"நீங்கள் மனைவி."

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் சுட்டது.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, அதை யார் வாசிக்கப் போகிறார்கள்?" என்று டேனிஷில் கேட்டான்.

"நான் வாசிச்சனான்," என்றேன்.

எனக்குக் கிடைத்தது இரட்டைக் கட்டில் அறை. ஒரு பக்க விரிப்பு கலையவில்லை. காலையில் மேசையில் ஒரு கோப்பை மட்டும் வைத்திருந்தார்கள். தேநீர் நன்றாக இருந்தது.

தங்க விரும்புபவர்கள் முதலாம் மாடியில் தெருப்பக்க அறை கேளுங்கள்; பின்பக்கம் குளிர். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அன்று பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர்கள் சாட்சி சொல்லக்கூடாது. அன்று நின்ற உங்களில் சிலர் பிறகு பிரெடெரிசியாவுக்கும் கோல்டிங்குக்கும் குடிபோனீர்கள். தொலைபேசியில் சொல்வது போதாது. அன்று கண்டதை, கண்டதை மட்டும், கையொப்பமிட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.