கேமராக்கா பார்த்த சொட்டு

அறுவை அரங்கில் அவளுக்குக் கேமராக்கா என்று பெயர். இருபது வருடமாக நோயாளிகளின் வயிற்றுக்குள் கேமரா பிடிக்கிற நர்ஸ். சின்னச் சின்ன ஓட்டை போட்டு இரைப்பைக் கட்டியை எடுக்கும்போது டாக்டரின் கண்ணே அவள் கையில்தான். அந்தக் கை ஆடாது; வாய் ஓயாது. மயக்க மருந்தே தேவையில்லை, அக்கா பேச்சிலேயே ஆள் தூங்கிவிடுவார் என்று டாக்டர் கிண்டல் செய்வார்.

அந்த வாய் ஒரே ஒரு நாள் மூடிக்கொண்டது.

அன்று மேசையில் ஒரு தையல்காரர். எலுமிச்சை அளவுக் கட்டி. இந்த வகைக் கட்டியை உடைய விடக்கூடாது. உடைந்து சிந்தினால் சிந்திய இடத்தில் முளைக்கும். அதனால் உள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையோடு தொப்புள் ஓட்டை வழியே இழுப்பார்கள். அந்த நேரத்தில் எல்லோர் கண்ணும் திரையை விட்டுத் தொப்புளுக்குப் போய்விடும். உள்ளே பார்ப்பவள் இவள் ஒருத்திதான்.

பை சிக்கியது. டாக்டர் இழுத்தார். பையின் அடியில் கடுகளவு கிழிசல், அதிலிருந்து கலங்கலாக ஒரு சொட்டு. லென்ஸில் அழுக்கோ என்னவோ என்று கேமராவை வெளியே எடுத்து, வெந்நீரில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டாள். சொட்டைக் காணோம். அதற்குள் பை வெளியே வந்து, உதவி டாக்டர் அதை வெட்டித் திறந்துவிட்டார். இனி கிழிசலை எங்கே தேடுவது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயைத் திறக்காமல் கெடுத்தாள்.

"எல்லாம் முழுசா வந்துடுச்சாம்மா?" என்று மயக்கம் தெளிந்ததும் கேட்டார் தையல்காரர்.

"வந்துடுச்சுண்ணே."

வீடு திரும்பியவர் நன்றிக்கு ஒரு துணிப்பை தைத்துக்கொண்டு வந்தார். "ரெட்டைத் தையல்மா. கிழியவே கிழியாது."

இரண்டு வருடத்தில் தொப்புள் தழும்புக்கு அடியில் ஒரு கட்டி. மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து லென்ஸைத் துடைக்கும் போதெல்லாம் திரையின் ஓரத்தில் அந்தச் சொட்டு நிற்கிறது. மற்றவர் யாருக்கும் தெரிவதில்லை. துணிப்பை வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எடுக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

நேற்று ஒரு லாரி ஓட்டுநர். மறுபடி பை சிக்கியது.

"சார், இழுக்காதீங்க. ஓட்டையைப் பெருசாக்குங்க."

"லேசா இழுத்தா வந்துடும்கா."

"தையல்காரருக்கும் அப்படித்தான் இழுத்தீங்க. பை கிழிஞ்சுது. நான் பார்த்தேன் சார். பார்த்துட்டு சொல்லாம இருந்துட்டேன்."

டாக்டரின் கை நின்றது. பிறகு அவர் கத்தியைக் கேட்டு வாங்கினார். பை முழுசாக வந்தது. அப்போதும் திரையின் ஓரத்தில் சொட்டு இருந்தது.

இன்று காலை வார்டில் ஓட்டுநரின் மனைவி பிடித்துக்கொண்டாள். "சின்ன ஓட்டைதான்னு சொன்னீங்க. இதென்ன இவ்ளோ நீளத் தையல்? வலியில ராத்திரி பூரா தூங்கல அவரு."

"நான்தாம்மா வெட்டச் சொன்னேன்."

அவ்வளவுதான், பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். கேமராக்கா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டாள். தையல்காரர் கடைசிவரை அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. இந்தப் பெண்ணாவது இன்னும் கொஞ்சம் திட்டினால் தேவலை என்றிருந்தது.