அப்பா கழற்றிய ஸ்டீல் காப்பு

அன்று காலை மாடம்பாக்கம் சிவன் கோயில் மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐயர். மாப்பிள்ளையாக என் அண்ணன். பெண்ணாக அண்ணி. அண்ணியின் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி. அண்ணியின் சித்தி. எங்கள் பெரியம்மா. பெரியம்மாவின் மகள். அம்மா. அப்பா. கடைசியாக நான். எனக்குப் பத்து வயது. மற்றவர்கள் சாப்பிட வந்தவர்கள்.

என் கை ஆடும். சும்மா வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. எதையாவது பிடித்தால் ஆடும். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி என் மேல்தான். நோட்டில் எழுதினால் ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே நிற்கும், அடுத்தது கீழே கிடக்கும். வகுப்பில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. வைப்ரேஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லார் வீட்டிலும் செல்போன் வந்துவிட்ட காலம். டாக்டர் பார்த்துவிட்டு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார். நான் வளர்ந்தேன். அதுவும் கூடவே வளர்ந்தது.

அப்பா ஊரப்பாக்கத்தில் ஒரு ஸ்டீல் பட்டறையில் ஆர்கான் வெல்டர். மாடிப்படிக் கைப்பிடி, பால்கனித் தடுப்பு, கேட் எல்லாம் செய்வார்கள். ஆர்கான் வெல்டிங்கில் கை நிற்க வேண்டும். கொஞ்சம் அசைந்தால் பைப்பில் ஓட்டை விழும். அப்பா வைத்த ஒட்டு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அவர் கை ஆடி நான் பார்த்ததில்லை.

அவர் வலது கையில் ஒரு காப்பு இருந்தது. பத்து எம்.எம். ஸ்டீல் ராடில் ஒரு துண்டு வெட்டி, வளைத்து, பாலிஷ் போட்டு அவரே செய்தது. பக்கத்தில் போனால் அதில் என் முகம் சுரைக்காய் மாதிரி தெரியும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். தூங்கும்போதும் கழற்ற மாட்டார். அம்மாவின் கவரிங் வளையல் மூன்று மாதத்தில் கறுத்துவிடும். கை பச்சையாகி அரிக்கும். இந்தக் காப்பு வியர்வையிலும் மாறவில்லை, சோப்பிலும் மாறவில்லை. காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். மத்தியானம் அவர் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

ஒரு நாள் கேட்டேன், “கனக்கலையாப்பா?”

“கனக்கணும்னுதான் போட்டுகினு கீறேன்” என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் சகோதரி பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நிற்க வேண்டும். நாத்தனார் விளக்கு என்பார்கள். மூன்று முடிச்சும் விழும் வரை அது அணையக் கூடாது. அணைந்தால் வந்த பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். வீட்டில் வைத்தே பேசி முடித்திருந்தார்கள், விளக்கைப் பெரியம்மாவின் மகள் பிடிப்பாள் என்று. எனக்குப் பூத்தட்டு. பூ சிந்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அண்ணனுக்கு இது தெரியாது. மணவறையில் உட்காரப் போகும்போதுதான் பார்த்தான். பெரியம்மாவின் மகள் கையில் விளக்கு இருந்தது.

“இன்னா இது? என் தங்கச்சி எங்க?”

“அவளுக்குப் பூத்தட்டு குட்துகீது. இவளும் உனக்குத் தங்கச்சி மொறதானடா” என்றாள் பெரியம்மா.

“கூடப் பொறந்தவ இங்க நிக்கறப்போ மொற எதுக்கு? அவ புடிக்கட்டும். இல்லன்னா நான் குந்த மாட்டேன்.”

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியம்மா சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இந்தா, இத்த புடிடி. நாலு பேர் பாக்கட்டும்.”

பிடித்தேன். ஆடக் கூடாது என்று நினைக்க நினைக்க அதிகமாக ஆடியது. தண்ணீர் புதுப் பட்டுப் பாவாடையில் கொட்டியது.

அண்ணியின் சித்தி பார்த்துவிட்டாள். எழுந்து கிட்டே வந்தாள். “பாப்பாவுக்கு இன்னா? கை ஏன் இப்டி ஆடுது?”

அப்பாதான் சொன்னார். “ஒண்ணுமில்லம்மா. காலைலேருந்து எதுவும் சாப்டல. பசி.”

நான் மூன்று இட்லி சாப்பிட்டிருந்தேன்.

சித்தி நகரவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். “எங்க தெருவுல ஒரு வூட்ல இப்டித்தான். மொதல்ல ஒரு பொண்ணுக்கு ஆடிச்சி. அப்புறம் பாத்தா அண்ணன் தம்பி எல்லாத்துக்கும் வந்துடிச்சி. ரத்தத்துலயே கீதாம்.”

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கே கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

அப்பா என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனார். காப்பின் இரண்டு முனைக்கும் நடுவில் சின்ன இடைவெளி உண்டு. அதன் வழியாக மணிக்கட்டைச் சாய்த்து வெளியே எடுத்தார். காப்பு இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. வேறு யாருடைய கையோ மாதிரி.

அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். “கழட்டாதய்யா. சம்பந்தி மரியாதை கீது. சந்தனம் வெக்கணும், குங்குமம் வெக்கணும்.”

“அது அப்புறம். இப்ப இவ.”

என் மணிக்கட்டில் அவர் கைக்குட்டையைச் சுற்றினார். அதன் மேல் காப்பை மாட்டி, இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். நழுவவில்லை. அவர் சூடு அதில் அப்படியே இருந்தது. ஒரு கிலோ இருக்கும் என்று அப்போது நினைத்தேன். கை கீழே போனது. நான் தூக்கினேன். யாரோ என் கையை மேலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. வலிக்கவில்லை.

“சொம்பைத் தூக்கு” என்றார்.

தூக்கினேன். தண்ணீர் லேசாக அசைந்து நின்றுவிட்டது.

திரும்பி வந்ததும் பெரியம்மா என் கையைப் பார்த்தாள். “இது இன்னாடி, பட்டுப் பாவாடைக்கு ரவுடிக் காப்பு?”

பெரியம்மாவின் மகளிடமிருந்து விளக்கை வாங்கினேன்.

கெட்டிமேளம் அடித்தார்கள். அண்ணன் குனிந்தான். வெளியிலிருந்து காற்று வந்தது. சுடர் ஒரு பக்கம் படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது. என் கை அங்கேயே இருந்தது. ஒரு முடிச்சு. இரண்டு. மூன்றாவதுக்கு அண்ணன் தடுமாறினான், மாலை தடுத்தது. அவ்வளவு நேரமும் நின்றேன். அணையவில்லை. சித்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்வையை எடுத்து அண்ணியின் ஜடையைச் சரி செய்யப் போனாள். பசி தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

எனக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகு நடந்ததுதான் பிடிக்கவில்லை.

தாலி கட்டும்போது அப்பா ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலது கையை அக்குளில் வைத்து அமுக்கியிருந்தார். பணிவாக நிற்கிறார் என்று நினைத்தேன். சம்பந்தி மரியாதைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். அப்பா சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார். விரல் கிண்ணத்தில் டக் டக் டக் என்று அடித்தது. சந்தனம் சம்பந்தியின் காதில் போய் ஒட்டியது. குங்குமம் புருவத்தில் விழுந்தது. பிறகு யாரோ காபியைக் கொண்டுவந்து, எடுத்துக் கொடுங்கள் சம்பந்திக்கு என்றார்கள். அப்பா டம்ளரை எடுத்தார். பாதி சம்பந்தியின் பட்டு வேட்டியில் கொட்டியது.

சித்தி திரும்பிப் பார்த்தாள்.

சம்பந்திதான் முதலில் பேசினார். “இன்னா சம்பந்தி, காலைலயே ஆரம்பிச்சாச்சா?”

அப்பா அவரைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த மாதிரி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“புள்ள கல்யாணம் சம்பந்தி. சும்மா வர முடியுமா? ஒரு கட்டிங்தான்.”

கூட்டமே சிரித்தது. சம்பந்தி அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “நம்ம ஆளுய்யா!” என்றார். அவர் மேல்தான் சாராய வாசனை வந்தது. சித்தி வாயை மூடிச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். பெரியம்மா மட்டும் அம்மாவிடம், “மறுபடியும் ஆரம்பிச்சிட்டானா? பத்து வருசமா நல்லாத்தான கீறான்னு பாத்தேன்” என்றாள். அப்பா முன்பு குடித்தவர். நான் பிறந்த வருடம் விட்டவர். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, “இன்னா பண்றது” என்றாள்.

நான் பந்தியில் உட்காரவில்லை. அண்ணன் கல்யாணத்தில், நான் விளக்குப் பிடித்த நாளில், அப்பா குடித்துவிட்டு வந்து காபியைக் கொட்டினார். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். அதற்குள் அவர் கையில் புதுக் காப்பு ஒன்று வந்திருந்தது, அதே ராடு. பழையதில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார். என் கை அளவுக்கு வளைத்தார். முனையைத் தேய்த்து மழுக்கினார். அவர் கை கொஞ்சமும் ஆடவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் கூடியது. குடிக்காத நாளில் இப்படி நிற்கிற கை, அன்று மட்டும் ஏன் ஆட வேண்டும்?

“குடிச்சியாப்பா?” என்றேன்.

வேலையை நிறுத்தவில்லை. “ஆமா” என்றார்.

“இனிமே குடிப்பியா?”

“கையக் காட்டு.”

காட்டினேன். மாட்டிவிட்டார். சரியாக உட்கார்ந்தது.

அதிலிருந்து என் எழுத்து கோட்டில் நின்றது. பள்ளிக்கூடத்தில் கழற்றச் சொன்னார்கள். அம்மா வந்து பேசினாள். பிறகு சொல்லவில்லை. வைப்ரேஷன் என்ற பெயர் ஒரு வருடத்தில் போனது. அப்புறம் காப்பு என்று கூப்பிட்டார்கள். அது பரவாயில்லை.

தலை தீபாவளிக்கு அண்ணியின் வீட்டிலிருந்து வரிசை வந்தது. துணி, பலகாரம். சம்பந்தி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். என்ன என்று எனக்கும் தெரியும். அப்பா வாங்கிக்கொண்டு கண்ணடித்தார். பொங்கலுக்கும் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்று, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்று. அண்ணன் மகனுக்குக் காது குத்தியபோதும் ஒன்று. சம்பந்தி மறந்ததே இல்லை. அப்பா வேண்டாம் என்றதே இல்லை. வீட்டில் குடித்து நான் பார்க்கவில்லை. பட்டறையில் குடிக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அவரோடு பேசுவேன். தேவைக்கு மட்டும்.

இப்போது நாவலூரில் ஓர் ஆபீசில் டீ கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு தட்டில் எட்டு கப், விளிம்பு வரை ஊற்றி, மூன்று மாடி ஏறுவேன். சாசரில் ஒரு சொட்டு இருக்காது. ஒரு சார் என் காப்பைப் பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்கே, எந்த பிராண்டு?” என்று கேட்டார். எங்க அப்பா என்றேன். அப்படி ஒரு பிராண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், எனக்குப் பதினெட்டு வயதில், வீடு மாறினோம். பரணை நான்தான் காலி செய்தேன். பழைய வெல்டிங் கையுறை போட்ட சாக்கு ஒன்று மூலையில் இருந்தது. இழுத்தேன். கனமாக இருந்தது. உள்ளே கண்ணாடிச் சத்தம். இறக்கிப் பிரித்தேன். செய்தித்தாள் சுற்றியது சுற்றியபடி. ஒன்றைப் பிரித்தேன். பாட்டில் மூடியில் சீல் உடையவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உன் கை யாரு குட்ததுன்னு நென்ச்ச? அவுரு கைதான். முன்ன இத்த குடிச்சாத்தான் அவருக்குக் கை நிக்கும், வேல ஓடும். காப்பு செஞ்சி போட்டப்புறம்தான் இத்த வுட்டாரு. அன்னிக்கு அத்தக் கழட்டி உனக்குக் குட்துட்டாரு.”

“அப்ப ஏம்மா குடிச்சேன்னு சொன்னாரு?”

“பொண்ணுக்கும் கை ஆடுது, அப்பனுக்கும் கை ஆடுதுன்னா அந்தச் சித்திக்காரி வுடுவாளா? நாளைக்கு மாப்புள்ளைக்கும் ஆடும்பா. உன்ன எவன் வந்து பாப்பான்? குடின்னா இன்னா? ஊர்ல எல்லாருந்தான் குடிக்கிறான். சிரிச்சிட்டுப் பூடுவாங்கோ.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“பத்து வயசு. எங்கனா ஒளறிட்டீன்னா? இத்த யாருக்கும் குடுக்கவும் மாட்டாரு. குட்தா சம்பந்தி காதுக்குப் பூடும்னு.”

அம்மா பாத்திரம் கட்டப் போய்விட்டாள். கீழே தெருவில் அப்பா டெம்போவில் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார். மெதுவா, மெதுவா என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு மூடியையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சீல் போட்டபடி இருந்தது. எண்ணினேன்.

பதினேழு.