அப்பா என்னை மலைக்கு அழைத்துச் சென்ற நாள்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இல்லம் தேடி வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் மகளின் வணக்கம்.

அப்பா கச்சிராயபாளையத்தை அடுத்த சிற்றூரில், கோமுகி வாய்க்கால் பாயும் நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தகப்பனாரை இழந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஏர் பிடித்தார். நான் அவர் பெற்ற மகள் அல்ல என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்த என் பெற்றோர் ஒரே மாதத்தில் காய்ச்சலில் இறந்தபோது எனக்கு நான்கு வயது. உறவென்று யாரும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் என்னைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

கூலியில்லாமல் வேலைக்கு ஆள் வளர்க்கிறார் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது.

ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். இடஒதுக்கீடு கோரிச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த காலம் அது. யாருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். தாலுகா அலுவலகத்தில் ஒருவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "சலுகைக்காக மலைப் புள்ளன்னு சொல்றீங்களோ, யாரு கண்டா? சொந்தக்காரங்க வந்து சொல்லட்டும்." பங்காளிகளோ, "நம்ம புள்ளைங்களுக்காக நாம ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கோம். நீ யாரு புள்ளைக்கோ அலையறே," என்றார்கள்.

மறியல் ஓய்ந்ததும் அப்பா என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குக் கிளம்பினார். அம்மா என் துணிகளை ஒரு பையில் வைத்துக் கொடுத்தார். என்னைத் திருப்பி விடப் போகிறார்கள் என்றே எண்ணினேன்.

என் தாயின் தங்கையான சின்னம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வாசலை மறித்தார்.

"இத்தினி வருசம் வச்சிருந்துட்டு இப்ப இன்னாத்துக்குக் கொண்டாந்தீங்க? எங்க வூட்லயே மூணு இருக்குதுங்க."

நான் அழுதுவிட்டேன்.

"வுட்டுட்டுப் போக வரலைம்மா," என்றார் அப்பா. "இது உங்க அக்கா பொண்ணுன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க. வேல முடிஞ்சதும் கூட்டிக்கினு போயிடறேன்."

அந்தச் சொல்லை நானும் நம்பவில்லை, சின்னம்மாவும் நம்பவில்லை. சமவெளிக்காரர் காட்டும் தாளில் ரேகை வைத்தால் நிலம் போய்விடும் என்று அஞ்சினார். அப்பா வற்புறுத்தவில்லை, அன்று அங்கேயே தங்கினார். மறுநாள் காலை சின்னம்மா என்னைத் தனியே அழைத்து, "அடிக்கிறாங்களா? வேல வாங்கறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் நம்பாமல் என் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் மைக்கறை மட்டுமே இருந்தது. பிறகு அப்பாவிடம் சென்று, "ஆபீசுக்கு வரேங்க," என்றார்.

சான்றிதழ் கிடைத்தது. அதில் தந்தை என்ற இடத்தில் என்னைப் பெற்றவரின் பெயர். அப்பாவின் பெயர் எங்குமே இல்லை. அவர் அதைப் படித்துவிட்டு, "உங்க அப்பன் பேரு சரியா போட்டுக்கிறாங்களா, நீயும் பாரு," என்று என்னிடம் நீட்டினார். அன்றோடு என் பயம் விட்டுப் போயிற்று.

அந்தப் படிப்பால் செவிலியரானேன். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குக் கடைசி மாதங்களில் என் கையாலேயே கஞ்சி புகட்டினேன்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், கரும்பு வெட்டும் தோழர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. இறுதிச் சடங்கன்று மலையிலிருந்து கோடித்துணியோடு வந்த சின்னம்மாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். "நீங்க இன்னா மொற?" என்று யாரோ சந்தேகமாகக் கேட்டபோது அவர் தயங்கவே இல்லை.

"இவுரு எங்க அக்கா பொண்ணோட அப்பா."